ஒரு மாதம் என்பது எத்தனை நாள்?

இலக்கியம் பேசும் இடத்தில் கணக்கைக் கொண்டுவருகிறானே என்று நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இக்கட்டுரை ஓர் எளிய கேள்வியிலிருந்து பிறந்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் ஒருவர் கடன் வாங்குகிறார். ‘ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன்’ என்று வாக்களிக்கிறார். கெடு முடியும் நாள் எது?

பிப்ரவரி 31 என்றொரு நாள் இல்லை. நாமாக இருந்தால், ‘சரி, மாதக் கடைசியில் கொடுங்கள்’ என்று பெருந்தன்மையோடு சொல்லி முடித்துவிடுவோம். எந்திரத்திற்குப் பெருந்தன்மை கிடையாது. அதற்கு விதி வேண்டும். வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை இன்று நம் வாழ்வின் குறிப்பேடுகளைச் சுமப்பவை தரவுத்தளங்கள் எனப்படும் மென்பொருள்கள். இதே கேள்வியை அவற்றிடம் கேட்டால் விடைகள் ஒன்றுபோல் வருவதில்லை. போஸ்ட்கிரெஸ் பிப்ரவரி 28 என்கிறது. எஸ்க்யூலைட் தன் இயல்பான நடையில், இல்லாத நாள்களைத் தாண்டி எண்ணி, மார்ச் 3 என்கிறது. ஆரக்கிளில் ‘மாதம் கூட்டு’ என்னும் செயற்கூற்றை அழைத்தால் பிப்ரவரி 28 வருகிறது. அதே ஆரக்கிளில் ஒரு மாதக் கால இடைவெளியை அப்படியே கூட்டினால் ‘அந்த மாதத்தில் அப்படியொரு நாள் இல்லை’ என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஒரே கேள்விக்கு ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு விடைகள்.

இது நிரலாளர்களின் கவனக்குறைவு என்று முதலில் தோன்றும். சற்று ஆழ்ந்து பார்த்தால், பிழை அவர்களுடையது மட்டும் அன்று, காலத்தைப் பற்றிப் பேச நாம் வைத்திருக்கும் மொழியிலேயே அது உறைந்திருக்கிறது என்பது புலப்படும். அதன் வரலாற்றைச் சொல்வதே இங்கு என் நோக்கம்.

*

ஒரு நாள் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு வழக்கு. இங்கிலாந்தில் வணிக இடம் ஒன்றை வாடகைக்கு வைத்திருந்த ஒருவருக்கு, 1978 செப்டம்பர் 30ஆம் நாள், குத்தகையை முடித்துக்கொள்வதாக உரிமையாளரிடமிருந்து அறிவிப்பு வந்தது. 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, அறிவிப்பு கிடைத்த நான்கு மாதங்களுக்குள் அவர் நீதிமன்றத்தை அணுகிப் புதிய குத்தகை கோரலாம். அவர் 1979 ஜனவரி 31ஆம் நாள் விண்ணப்பித்தார். செப்டம்பர் 30 அம்மாதத்தின் கடைசி நாள். ஆகவே நான்கு மாதங்கள் முடிவது ஜனவரியின் கடைசி நாளில்தான் என்பது அவர் தரப்பின் வாதம்.

வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1981இல் தீர்ப்பு வந்தது. மாதக் கெடு என்பது, தொடங்கிய தேதிக்கு ஒத்த தேதியில் முடியும் என்று நீதிபதிகள் வகுத்துரைத்தனர். 30இல் தொடங்கியது 30இல் முடியும். அப்படி ஒத்த தேதி இல்லாத மாதமானால் மட்டுமே அதன் கடைசி நாள். எனவே ஜனவரி 30உடன் கெடு முடிந்தது, விண்ணப்பம் ஒரு நாள் தாமதம், கோரிக்கை தள்ளுபடி.

இந்த வழக்கைப் படித்தபோது நான் வியந்தது ஒன்றுக்காக. செப்டம்பர் 30உடன் நான்கு மாதங்களை ஆரக்கிளின் ‘மாதம் கூட்டு’ கூட்டினால் ஜனவரி 31 வரும். மாதத்தின் கடைசி நாளைக் கொடுத்தால் கடைசி நாளையே திருப்பித் தருவது அதன் விதி. போஸ்ட்கிரெஸ் ஜனவரி 30 என்று சொல்லும். அதாவது தோற்றவரின் வாதம் ஒரு மென்பொருளிலும், நீதிபதிகளின் தீர்ப்பு இன்னொரு மென்பொருளிலும் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கின்றன! ஒரு மனிதர் தம் தொழிலிடத்தை இழந்தது இந்த இரண்டு விதிகளுக்கும் இடைப்பட்ட ஒரு நாளில்.

*

நாள்களைக் கணக்கிடுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பெயரிடுவது, மற்றொன்று எண்ணுவது. ‘செப்டம்பர் 30’ என்பது ஒரு நாளின் பெயர். பெயர்களைக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. எண்களை மட்டுமே கூட்டிக் கழிக்க முடியும்.

பெயர்கள் எவ்வளவு நிலையற்றவை என்பதை ஐரோப்பா 1582இல் கண்டது. போப் பதின்மூன்றாம் கிரகோரியின் ஆணைப்படி, அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை உடனே ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து 170 ஆண்டுகள் ஏற்காமல் இருந்தது.

இலக்கிய அன்பர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு தேதியையே எடுத்துக்கொள்வோம். ஷேக்ஸ்பியர் மறைந்த நாள் 1616 ஏப்ரல் 23. செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பட்ட நாளும் 1616 ஏப்ரல் 23. யுனெஸ்கோ 1995இல் அந்நாளை உலகப் புத்தக நாளாக அறிவித்தது. இரண்டு தேதிகளையும் ஒரு தரவுத்தளத்தில் இட்டுக் கழித்துப் பாருங்கள். விடை பூச்சியம் என்று வரும். உண்மையிலோ ஸ்பெயின் புதிய நாட்காட்டியிலும் இங்கிலாந்து பழைய நாட்காட்டியிலும் இருந்தன. செர்வாண்டிஸ் மண்ணுக்குள் சென்று 10 நாள் கழிந்த பின்னரே ஷேக்ஸ்பியர் கண்மூடினார். பெயர் ஒன்று, நாள் வேறு.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து கண்டவர் ஜோசப் ஜஸ்டஸ் ஸ்காலிஜர் என்னும் பிரெஞ்சு அறிஞர். பண்டைய நூல்களில் ஊறிய மொழியறிஞர் அவர். கிரேக்கர், உரோமர், எகிப்தியர், பாபிலோனியர் என்று ஒவ்வொருவரும் தத்தம் வழியில் எழுதிவைத்த ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. 1583இல் வெளியிட்ட தம் நூலில் அவர் 28, 19, 15 ஆகிய மூன்று சுழற்சிகளைப் பெருக்கி 7980 ஆண்டுகள் கொண்ட ஒரு பெருஞ்சுழற்சியை அமைத்தார். மூன்றும் ஒருசேரத் தொடங்கும் ஆண்டு கி.மு. 4713. எழுதப்பட்ட வரலாறு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

ஸ்காலிஜர் எண்ணியது ஆண்டுகளை. அதே தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணும் வழக்கத்தைப் பரப்பியவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல், 1849இல். இந்த எண்ணிக்கையில் 1582 அக்டோபர் 4இன் எண் 2299160. அக்டோபர் 15இன் எண் 2299161. போப் அழித்த பத்து நாள்களும் வெறும் பெயர்கள் என்பதும், சூரியன் ஒரு நாளைக்கூட விட்டுவிடவில்லை என்பதும் இவ்விரு எண்களைப் பார்த்தாலே விளங்கும். 2000 ஜனவரி 1இன் எண் 2451545.

போஸ்ட்கிரெஸின் உள்ளே நாள் கணக்கு இயங்குவது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். அதில் எழுதக்கூடிய மிகப் பழைய தேதி கி.மு. 4713ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதைக் காணும் இளைஞர்கள், அது ஏதோ ஒரு நிரலாளரின் விளையாட்டு என்று எண்ணக்கூடும். அது பதினாறாம் நூற்றாண்டின் ஒரு புலவர் நட்ட கல்.

*

பெயர் வேறு, எண்ணிக்கை வேறு என்பதைச் சட்டமும் உணர்ந்திருந்தது. பிரிட்டன் இறுதியில் 1752இல் நாட்காட்டியை மாற்றியது. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்கு முந்தைய ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தில் ஓர் அருமையான பிரிவு உண்டு. வாடகை செலுத்தவேண்டிய நாளோ, ஒருவருக்கு 21 வயது நிறையும் நாளோ, பணி ஒப்பந்தம் முடியும் நாளோ இந்த மாற்றத்தால் முன்கூட்டி வந்துவிடக்கூடாது என்பது அதன் சாரம். இயற்கையில் எத்தனை நாள் கழியவேண்டுமோ அத்தனை நாள் கழிந்த பிறகே கெடு வரும். தேதியின் பெயர் பதினொரு நாள் தாவினாலும், மனிதன் வாழ்ந்து தீர்க்க வேண்டிய இடைவெளி தாவாது. கால இடைவெளிக் கணக்கின் முதல் பாடம் இது. ஒரு நாடாளுமன்றம் எழுதி வைத்தது.

பின்னர் வந்த எந்திரங்கள் இப்பாடத்தைத் தாமே விழுந்து எழுந்து கற்கவேண்டியிருந்தது.

போஸ்ட்கிரெஸ் 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டம். அதன் தொடக்கக் காலத்தில் கால இடைவெளிக்கென இருந்த தரவு வகை, எல்லாவற்றையும் விநாடிகளாக உருக்கி ஒரே எண்ணில் அடைத்தது. விநாடி என்பது நல்ல அலகுதான். ஆனால் ஒரு மாதத்தில் எத்தனை விநாடி? எந்த மாதம் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. 28 நாள், 29, 30, 31 என்று மாறிக்கொண்டே இருப்பது ஆங்கில மாதம். நம் பஞ்சாங்கத்தின் சூரிய மாதங்களோ 29இலிருந்து 32 நாள் வரை நீளும். (அந்தப் பழைய வகைகள் நெடுங்காலம் மூலையில் கிடந்து, 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான் ஒருவழியாக நீக்கப்பட்டன.)

1992இல் வெளியான எஸ்.க்யூ.எல். தரநிலை முதல் வெட்டை வெட்டியது. கால இடைவெளிகள் இரு குலம் என்றது. ஆண்டும் மாதமும் ஒரு குலம்; நாள், மணி, நிமிடம், விநாடி இன்னொரு குலம். ஆண்டை 12 மாதமாக்கலாம். நாளை 24 மணியாக்கலாம். மாதத்தை நாளாக்கக் கூடாது. இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை.

தெளிவான பாகுபாடுதான். ஆயினும் அதிலும் ஒரு பொய் ஒளிந்திருந்தது. ஒரு நாள் என்பது 24 மணி நேரம் என்பதே அப்பொய்.

*

1916 ஏப்ரல் 30ஆம் நாள் இரவு, முதலாம் உலகப்போரின் நடுவே, எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக ஜெர்மனி தன் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. பிற நாடுகள் தொடர்ந்தன. கோடைக்கால நேரம் என்னும் இவ்வழக்கம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு ஒருநாள் 23 மணி நேரமே இருக்கும். இன்னொரு நாள் 25 மணி நேரம் இருக்கும்.

2005 நவம்பரில் வெளிவந்த 8.1ஆம் பதிப்புக்கு முன்புவரை, போஸ்ட்கிரெஸ் கால இடைவெளியை இரண்டு அறைகளில் வைத்திருந்தது. மாதங்களுக்கு ஓர் அறை. மற்ற அனைத்துக்கும் ஓர் அறை. ‘ஒரு நாள்’ என்று எழுதினால் அது உள்ளே சென்றதும் ‘24 மணி’ ஆகிவிடும். விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அதிகாலை கடிகாரம் முன்தள்ளப்பட்டது. ஏப்ரல் 3 நள்ளிரவு 12 மணியுடன் ஒரு நாளைக் கூட்டினால் ஏப்ரல் 4 நள்ளிரவு 12 மணி வரவேண்டும். வந்ததோ ஏப்ரல் 4 அதிகாலை 1 மணி. நாள்தோறும் ஒரே வேளையில் நடக்கவேண்டிய ஒரு பணி அன்றுமுதல் ஒரு மணி நேரம் பிந்திப்போகும்.

8.1ஆம் பதிப்பு செய்த திருத்தம் அளவில் மிகச் சிறியது. மாத அறைக்கும் விநாடி அறைக்கும் நடுவே, நாளுக்கென்று 4 பைட் அளவில் ஒரு மூன்றாவது அறையைக் கட்டினார்கள். அவ்வளவே. அன்றுமுதல் ‘ஒரு நாள்’ என்றால் மறுநாள் இதே வேளை. ‘24 மணி’ என்றால் கழிந்த காலம். ஒன்றை மற்றொன்றாக மாற்றவேண்டுமானால் அதற்கெனத் தனிச் செயற்கூறுகளை அப்பதிப்பிலேயே தந்தார்கள். 24 மணியை ஒரு நாளாகவும் 30 நாளை ஒரு மாதமாகவும் கொள்ள விரும்புகிறவர், அதை வாய்விட்டுக் கேட்டுப் பெறவேண்டும். எந்திரம் தானாக ஊகிக்காது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த மூன்று அறைகளைப் பிரித்தறிந்தே வாழ்ந்தார்கள். மாதச் சம்பளக்காரருக்குப் பிப்ரவரியிலும் அதே சம்பளம். நாள் குறைந்ததென்று யாரும் பிடித்தம் செய்வதில்லை. தினக்கூலிக்காரருக்குப் பிப்ரவரி என்றால் மூன்று நாள் கூலி குறைவு. மணிக்கணக்கில் உழைப்பவருக்கு மாதமும் இல்லை, நாளும் இல்லை. மூன்றும் மூன்று ஒப்பந்தங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கணக்குப் பார்த்தால் யாரோ ஒருவர் ஏமாற்றப்படுவார்.

யார் என்பதையும் சொல்லிவிடலாம். 2005 அக்டோபர் 30ஆம் நாள் அதிகாலை 2 மணிக்கு அமெரிக்கக் கடிகாரங்கள் 1 மணிக்குத் திரும்பின. முதல்நாள் இரவு 10 மணிக்கு வேலைக்கு வந்து காலை 6 மணிக்கு வெளியேறிய காவலாளியோ செவிலியோ உழைத்தது 9 மணி நேரம். கடிகார முகத்தை மட்டும் குறித்துக்கொண்டு கழிக்கும் தரவுத்தளம் 8 என்று சொல்லும். இடமும் நேர விதியும் சேர்த்துப் பதிவு செய்திருந்தால் மட்டுமே 9 வரும். எந்திரம் வேண்டுமென்று கூலியைத் திருடவில்லை. எதை எண்ணுகிறோம் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

திருத்தத்துக்குப் பின்னும் ஒரு மிச்சம் இருக்கிறது. ‘ஒரு மாதமும் 30 நாளும் சமமா?’ என்று போஸ்ட்கிரெஸிடம் கேட்டால் ‘ஆம்’ என்றே இன்றும் சொல்லும். கால இடைவெளிகளை வரிசைப்படுத்த ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? ஆகவே ஒப்பிடும்போது மட்டும் மாதம் 30 நாள், நாள் 24 மணி. ஆனால் சமம் என்று அது சொல்லும் அந்த இரண்டையும் பிப்ரவரி 1உடன் தனித்தனியே கூட்டினால் மார்ச் 1 ஒன்றும், மார்ச் 3 ஒன்றும் (லீப் ஆண்டானால் மார்ச் 2) கிடைக்கும். கூட்டும்போது உண்மையும் ஒப்பிடும்போது வசதியும் பேசும் இந்த இரட்டை நிலையை நான் குறையாகச் சொல்லவில்லை. வாழ்க்கையிலும் நாம் அப்படித்தான் செய்கிறோம்.

*

மூன்று அறைகளும் சரியாகிவிட்டன. இடத்தின் நேர விதி என்றேனே, அது எங்கிருந்து வருகிறது? ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய ஒரு தொகுப்பிலிருந்து. உலகில் எந்த ஊரில் எந்த ஆண்டு கடிகாரம் எப்படி மாற்றப்பட்டது என்பதைத் தன்னார்வலர்கள் திரட்டி எழுதிவைத்த வரலாறு அது. போஸ்ட்கிரெஸ் உட்படப் பெரும்பாலான மென்பொருள்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

அதில் நமக்கு நெருக்கமான ஒரு பக்கம் உண்டு. இலங்கை அரசு மின் பற்றாக்குறையை முன்னிட்டு 1996 மே 25ஆம் நாள் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரமாக இருந்த இடைவெளி ஆறரை ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 26இல் அது ஆறாகக் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் மீண்டும் ஐந்தரை. ஆக, 2006 ஏப்ரல் 15 கொழும்பில் 24½ மணி நேரம் கொண்ட நாள். தொகுப்பில் ‘ஆசியா/கொழும்பு’ என்ற பெயரின் கீழ் இவை அனைத்தும் நிமிடம் பிசகாமல் உள்ளன.

ஆனால் விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் கடிகாரங்கள் இந்தியாவோடு ஒத்து ஐந்தரையிலேயே நின்றன. 2002க்குப் பின் ஏ9 நெடுஞ்சாலையில் ஓமந்தையைக் கடந்து வடக்கே சென்றவர்கள் ஒரே தீவுக்குள் அரை மணி நேரம் பின்னால் சென்றார்கள். 2003இல் வன்னியில் காலை 6 மணிக்குப் பிறந்த ஒரு குழந்தையும், அதே கணத்தில் கொழும்பில் பிறந்து காலை 6.30 என்று குறிக்கப்பட்ட ஒரு குழந்தையும் இரட்டையர் போல ஒத்த வயதினர். தரவுத்தளத்தைக் கேட்டால் வன்னிக் குழந்தை அரை மணி நேரம் மூத்தது என்று சொல்லும். ஏனெனில் 1970க்குப் பின் கடிகாரம் வேறுபட்ட இடங்களுக்குத் தனிப்பெயர் தருவது அத்தொகுப்பின் பொது வழக்கமாயினும், இலங்கைக்கு அதில் ஒரே பெயர்தான் உண்டு. அக்குழந்தைக்குச் சாதகம் கணிக்க உட்காரும் சோதிடர் எந்தக் கடிகாரம் என்று கேட்பார். எந்திரம் கேட்பதில்லை.

தொகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அக்கோப்பின் குறிப்புரையில், புலிகள் தம் கடிகாரங்களை மாற்றவில்லை என்னும் 2006ஆம் ஆண்டின் ராய்ட்டர்ஸ் செய்தி பதிவாகியிருக்கிறது. யார் திறந்தாலும் படிக்கலாம். ஆனால் குறிப்புரை என்பது மனிதர்கள் படிப்பதற்காக எழுதப்படுவது. எந்திரம் அவ்வரிகளைக் கண்டதும் தாண்டிச் சென்றுவிடும்.

2005இல் நாளுக்கென ஓர் அறை கட்டியவர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்யை அகற்றினார்கள். ஒரு நாளுக்கு இடம் கொடுக்க 4 பைட் போதுமாயிருந்தது. பத்தாண்டுகள் வன்னியில் ஓடிய அந்த அரை மணி நேரத்துக்கு இன்னும் அறை கட்டப்படவில்லை. அது குறிப்புரையில் காத்திருக்கிறது, படிக்கத் தெரிந்த ஒருவருக்காக.